இரண்டு பேர் எழுதும் பேரேடு

மலைக்கோட்டைக்குக் கீழே, தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு மாடி அறையில்தான் முதன்முதலாக ஒரு டேட்டாபேஸ் என் பொறுப்பில் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமே ஆன பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "சார், மாஸ்டர் சர்வர் விழுந்தா எல்லாம் நின்னுபோகுது. ரெண்டு சர்வரையும் மாஸ்டரா வெச்சு, ரெண்டுலயும் எழுத விட்டுட்டா நிக்காதுல்ல?"

நிற்காதுதான். ஆனால் ஒரே பேரேட்டில் இரண்டு பேர் எழுதத் தொடங்கினால் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே வரியை இருவரும் வேறு வேறாக எழுதியிருந்தால் யார் எழுதியது செல்லும்? நகலெடுக்கும் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும், அதுவும் முன்கூட்டியே. வந்த பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. மல்டி மாஸ்டர் தேவைதானா என்பதை முதலில் முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "எப்பவும் ஓடணும்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிமிடக் கணக்கில் கேளுங்கள். வருடத்தில் 99.9 சதவீத நேரம் ஓடினால் போதும் என்றால் மொத்தம் 8 மணி 45 நிமிடம் வரை நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம்தான். முதல் கணக்குக்கு ஒரு மாஸ்டரும் அதைப் பார்த்து நகலெடுக்கும் ஒரு ஸ்டாண்ட்பையும் போதும். மாஸ்டர் விழுந்தால் ஸ்டாண்ட்பை ஓரிரு நிமிடத்தில் பொறுப்பேற்கும்படி அமைத்துவிடலாம். திருச்சியில் நான் வேலை பார்த்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

2. ஒரே வரியில் இரண்டு பேர் எழுதவேண்டிய நிலையே வராதபடி வேலையைப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். நம் ரயில்வே செய்தது இதைத்தான். முன்பதிவு கணினிமயமானபோது டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் தனித்தனியாக இருந்தன. ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் எழுதிய கான்செர்ட் மென்பொருளால் 1999-ல் ஐந்தும் இணைந்தன. எல்லா ரயிலின் பெர்த் கணக்கையும் ஐந்து இடத்திலும் வைத்து, ஐவரையும் எழுதவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே பெர்த்தை ஹவுராவில் ஒருவரும் திருச்சியில் ஒருவரும் வாங்கியிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு ரயிலின் கணக்கும் ஒரே மையத்தில் இருந்தது. எந்த ஊர் கவுன்ட்டரில் கேட்டாலும் அந்த ரயிலை வைத்திருக்கும் மையத்துக்குக் கேள்வி போய்ப் பதில் வரும். மையங்கள் பல, ஒவ்வொரு வரிக்கும் சொந்தக்காரர் ஒருவர். கிளைகள் உள்ள எந்தத் தொழிலுக்கும் நான் முதலில் பரிந்துரைக்கும் அமைப்பு இதுதான். ஸ்ரீரங்கம் கிளையின் வரிகளை ஸ்ரீரங்கம் மட்டும் எழுதட்டும். மற்ற கிளைகள் படிக்கட்டும்.

3. இரண்டே இரண்டு மாஸ்டர் வைக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மருந்துக்கடைக் குழுமத்துக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு சர்வர், தில்லைநகரில் ஒரு சர்வர், இரண்டும் மைஎஸ்கியூஎல். ஒன்றின் பதிவை இன்னொன்று பிற்பாடு வாங்கி எழுதிக்கொள்ளும் வகை ரெப்ளிகேஷன், இரு திசையிலும். அமைத்தவன் நான். ஒருநாள் காவிரிக் கரையோரம் சாலைக்குக் குழி தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் தொடர்பில்லை. இரண்டு கடையும் பில் போட்டுக்கொண்டே இருந்தன. "பாருங்க, நிக்கவே இல்ல" என்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

இன்சுலின் வரியை மட்டும் சொல்கிறேன். பொதுக் கிடங்கில் 14 குப்பிகள். தொடர்பு அறுந்தபோது இரண்டு சர்வரிலும் 14 என்றே இருந்தது. ஸ்ரீரங்கம் 9 குப்பிகளுக்கு பில் போட்டது, அங்கே மீதி 5. தில்லைநகர் 8 குப்பிகளுக்குப் போட்டது, அங்கே மீதி 6. ஃபைபர் ஒட்டப்பட்டதும் ஸ்ரீரங்கத்தின் 5 தில்லைநகருக்குப் போய் உட்கார்ந்தது. தில்லைநகரின் 6 ஸ்ரீரங்கத்துக்கு வந்து உட்கார்ந்தது. எண்கள் இடம் மாறிக்கொண்டன. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ரெப்ளிகேஷன் நிலவரம் இரண்டு பக்கமும் பச்சை. உண்மையில் 14-க்கு 17 விற்றாகிவிட்டது, கிடங்கில் ஒரு குப்பியும் கிடையாது. மறுநாள் மருந்து வாங்க வந்த ஒரு வயதான அம்மாவிடம் திரையைப் பார்த்து "இருக்கு, உட்காருங்க" என்று சொல்லி, அரை மணி நேரம் காக்கவைத்து, "இல்லம்மா" என்றார்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இந்த நிலைக்கு ஸ்ப்ளிட் பிரெயின் என்று பெயர். இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும், மற்றவர் செத்துவிட்டார் என்று இரண்டும் நினைக்கும். அடுத்தவர் விழுந்துவிட்டாரா, வழி மட்டும் அறுந்துவிட்டதா என்பதை உள்ளே இருந்துகொண்டு எந்த சர்வராலும் சொல்ல முடியாது. எரிக் புரூவர் 2000-ல் முன்வைத்து, கில்பெர்ட்டும் லின்ச்சும் 2002-ல் நிறுவிய கேப் தேற்றத்தின் சாரம் இதுதான்: வழி அறுந்திருக்கும் நேரத்தில் ஒரே கணக்கும் வேண்டும், எல்லா சர்வரும் பதில் சொல்லவும் வேண்டும் என்றால் நடக்காது. ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

4. எதை விட்டுக்கொடுப்பது, யார் சொல் செல்லும் என்பதை எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே முடிவு செய்யுங்கள். ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நம்பெருமாள்தான் நினைவுக்கு வருவார். 1323-ல் டெல்லிப் படை அரங்கத்தை நெருங்கியபோது பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். மூர்த்தி ஊர் ஊராகப் போய், திருநாராயணபுரம், திருமலை என்று தங்கி, 1371-ல் விஜயநகரத்துக் கோபண்ணர் காலத்தில் அரங்கத்துக்குத் திரும்பினார். இடையில் கழிந்தது 48 ஆண்டுகள். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவ மூர்த்தியை வைத்து ஆராதனை நடந்துகொண்டிருந்தது. இப்போது இருவர். பழையவர் யார் என்று அறுதியிட்டுச் சொல்ல, அவரை முன்பு சேவித்தவர்கள் ஏறக்குறைய யாரும் இல்லை. கோயிலொழுகு வழியாக வரும் செய்தி இது: பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்து வந்தவர், முன்வந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகிப் பார்த்து, திரும்பி வந்தவரையே நம் பெருமாள் என்று அடையாளம் காட்டினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முடிவு சொல்லும் சாட்சி ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை எல்லோரும் ஏற்றார்கள். இன்னொரு மூர்த்தியும் கைவிடப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் அரங்கனோடே இன்றும் எழுந்தருளியிருக்கிறார். உங்கள் அமைப்பிலும் தோற்ற வரியை அழித்துவிடாதீர்கள். முரண்பட்ட இரண்டு வரிகளில் ஒன்று செல்லும் என்று விதி முடிவு செய்தாலும், செல்லாத வரியை ஒரு தனி டேபிளில் எடுத்து வையுங்கள். எந்த நோடு (அதாவது எந்த சர்வர்), எத்தனை மணி, யார் எழுதியது எல்லாம் அதில் இருக்கட்டும். மறுநாள் காலை ஒரு மனிதர் உட்கார்ந்து அதைப் பார்க்கவேண்டும். நம்மிடம் ஈரங்கொல்லி இல்லை. பதிவு மட்டும்தான் சாட்சி.

5. கடைசியாக எழுதியதே செல்லும் என்று விதி வைத்தால் எல்லா சர்வரின் கடிகாரமும் ஒன்றாக ஓடவேண்டும். கடிகாரங்களை ஒத்துவைக்கும் என்டிபி ஓடுகிறதா என்று தினமும் பாருங்கள். கடிகாரம் இரண்டு நொடி முந்திய சர்வர், தவறாக எழுதினாலும் ஜெயித்துக்கொண்டே இருக்கும்.

6. மூன்று வையுங்கள். கலேரா கிளஸ்டரோ, மைஎஸ்கியூஎல்லின் குரூப் ரெப்ளிகேஷனோ, எதுவானாலும் பெரும்பான்மையை வைத்துத்தான் முடிவெடுக்கும். மூன்றில் ஒன்று துண்டிக்கப்பட்டால் இரண்டு இருக்கும் பக்கம் தொடர்ந்து எழுதும். தனித்து நிற்கும் ஒன்று எழுத மறுத்துவிடும்; கலேராவானால் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் மறுக்கும். அப்படி மறுப்பதைப் பார்த்துப் புதியவர்கள் பதறி, அதை வலுக்கட்டாயமாக எழுதவைக்கும் செட்டிங்கைத் தேடுவார்கள். வேண்டாம். அந்த மறுப்புதான் உங்கள் இன்சுலின் கணக்கைக் காப்பாற்றுகிறது. மூன்றாவதுக்குப் பணம் இல்லையென்றால் கலேராவில் ஆர்பிட்ரேட்டர் என்ற சிறிய புரோகிராம் உண்டு. தரவு வைத்துக்கொள்ளாது, ஓட்டு மட்டும் போடும். சின்ன மெஷின் போதும். ஆனால் மற்ற இரண்டில் ஒன்றோடு அதே அறையில், அதே கரண்ட் லைனில், அதே இன்டர்நெட் கம்பெனியில் அதை வைக்காதீர்கள். அந்த அறை போனால் இரண்டு ஓட்டும் சேர்ந்து போகும்.

7. மீதியை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "இன்சுலின் 5" என்று எழுதினால் மோதும். "ஸ்ரீரங்கம், 9 வெளியே" என்று தனி வரியாக எழுதினால் மோதாது. இரண்டு கிளையின் வரிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கூட்டிப் பார்த்தால் மைனஸ் 3 என்று குறை உடனே தெரியும். பெரிய கடைவீதியில் குறிப்பேட்டில் வரவையும் பற்றையும் வரிவரியாக எழுதி, மாலையில் இருப்புக் கட்டுவார்கள். இருப்பை அடித்து அடித்துத் திருத்துகிற கணக்குப்பிள்ளை யாரும் இல்லை.

8. தானாக ஏறும் எண்களில் கவனம். இரண்டு சர்வரும் அடுத்த எண் 501 என்று கொடுத்தால் சேரும்போது டூப்ளிகேட் என்று ரெப்ளிகேஷன் நின்றுவிடும். ஒன்று ஒற்றைப்படை, ஒன்று இரட்டைப்படை என்று ஆட்டோ இன்க்ரிமென்ட் செட்டிங்கைப் பிரித்துவிடுங்கள். கலேரா இதைத் தானே செய்துகொள்ளும், ஆனால் எண்களில் இடைவெளி விழும். அங்கேதான் நம் ஊர் சிக்கல் வருகிறது. அந்த எண்ணையே பில் நம்பராக அச்சடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண்கள் விடுபடாமல் தொடர்ச்சியாக வரவேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே உள் எண் வேறு, பில் எண் வேறு. பில்லுக்குக் கிளைதோறும் தனி முன்னொட்டு, தனி வரிசை. இதை முதல் நாளே செய்யாவிட்டால் மார்ச் மாதம் ஆடிட்டர் அழைப்பார்.

9. எல்லா டேபிளுக்கும் பிரைமரி கீ இருக்கவேண்டும். எல்லாம் இன்னோடிபி ஆக இருக்கவேண்டும். பழைய மைஐசாம் டேபிள் ஒன்று மூலையில் கிடந்தாலும் கிளஸ்டருக்குப் போகும் முன் மாற்றுங்கள்.

10. எல்லா நோடிலும் எழுத முடியும் என்பதற்காக எல்லாவற்றிலும் எழுதாதீர்கள். கலேராவில் ஒரு நோடு தன் வேலையை முடித்து கமிட் கொடுக்கும் நேரத்தில்தான் மற்ற நோடுகளுக்கு அனுப்பி, மோதல் இருக்கிறதா என்று சரிபார்க்கும். வரிசையில் முந்தியது ஜெயிக்கும். பிந்தியதற்கு டெட்லாக் என்று பிழை வரும். நூறு வரி சரியாக ஓடி, கடைசி கமிட்டில் பிழை வருவதை நம் புரோகிராமர்கள் எதிர்பார்ப்பதே இல்லை. முழு டிரான்சாக்ஷனையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டும்படி கோட் எழுதச் சொல்லுங்கள். அதோடு, முன்னால் ஒரு பிராக்ஸியை வைத்து, எழுதுவதையெல்லாம் ஒரே நோடுக்கு அனுப்புங்கள், படிப்பதை மட்டும் பிரித்துவிடுங்கள். எழுதும் நோடு விழுந்தால் பிராக்ஸி அடுத்ததற்கு மாறிவிடும். மூன்றும் மாஸ்டராக இருப்பதன் உண்மையான லாபம் இந்த மாற்றம் சில நொடிகளில் நடந்துவிடுவதுதான். வேகம் கூடும் என்பதற்காக யாரும் இதற்கு வராதீர்கள். ஜிம் கிரே, பாட் ஹெலண்ட், பாட்ரிக் ஓநீல், டென்னிஸ் ஷாஷா நால்வரும் 1996-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: எல்லா இடத்திலும் எழுதவிடும் ரெப்ளிகேஷனில் நோடுகள் பத்து மடங்கு ஆனால் டெட்லாக்குகள் ஆயிரம் மடங்கு ஆகும்.

11. தூரத்துக்கு விலை உண்டு. ஃபைபரில் ஒளி ஒரு மில்லி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். திருச்சியிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல்; போய் வர மூன்று மில்லி நொடிக்குக் குறையவே குறையாது, நடைமுறையில் அதைவிட அதிகம். ஒவ்வொரு கமிட்டும் அந்தப் பயணத்தைச் செய்கிறது. ஒரு நோடு பின்தங்கினால் ஃப்ளோ கன்ட்ரோல் வந்து மொத்தக் கிளஸ்டரையும் அதன் வேகத்துக்கு இழுக்கும். ஆகவே மூன்றும் ஒரே தரத்தில் இருக்கட்டும். ஐந்து லட்சம் வரியை ஒரே டிரான்சாக்ஷனில் அழிக்காதீர்கள். ஆயிரம் ஆயிரமாக அழியுங்கள். பெரிய டேபிளில் ஆல்டர் கொடுத்தால் எல்லா நோடும் சேர்ந்து நிற்கும், அதைக் கடை மூடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

12. ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. ஒரு நோடில் தவறாக ஒரு டெலிட் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது மூன்றிலும் போய்ச் சேரும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், ரெப்ளிகேஷனைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் தவறான சர்வரில் தரவு டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப் வழிகளைத் தேடிப் போனபோது ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அந்த நிறுவனம் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னது. அதனால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது. தினமும் பேக்கப் எடுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறொரு மெஷினில் மீட்டுப் பாருங்கள்.

13. மூன்றும் ஒன்றாக விழுந்தால் எதை முதலில் எழுப்புவது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து உள்ளே வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. அங்கே ஓர் அலுவலகத்தில் மூன்று நோடும் யூபிஎஸ் தீர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக அணைந்திருந்தன. ஜெனரேட்டரோடு போன பையன், கைக்கு எட்டிய முதல் மெஷினை ஆன் செய்து கிளஸ்டரைத் தொடங்கப் பார்த்தான். போனிலேயே நிறுத்தச் சொன்னேன். கிராஸ்டேட் என்று ஒரு கோப்பு ஒவ்வொரு நோடிலும் இருக்கும். கடைசியாக எழுதிய டிரான்சாக்ஷனின் எண் அதில் இருக்கவேண்டும். திடீரென்று அணைந்திருந்தால் மைனஸ் 1 என்று இருக்கும். மூன்றிலும் அப்படித்தான் இருந்தது. ரெக்கவர் ஆப்ஷன் போட்டு ஒவ்வொன்றிலும் உண்மையான எண்ணை எடுக்கச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் ஒரு காகிதத்தில் எழுதிப் படித்துக் காட்டினான். இரண்டில் ஒரே எண். மூன்றாவதில் 25 குறைவு. முதலில் அணைந்தது அது. மற்ற இரண்டும் பெரும்பான்மையாக நின்று இன்னும் 25 பதிவுகளை எழுதிவிட்டுத்தான் அணைந்திருக்கின்றன. பையன் முதலில் ஆன் செய்யப் பார்த்தது அந்த மூன்றாவதைத்தான். அது முதலில் எழுந்திருந்தால் மற்ற இரண்டும் அதைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருக்கும், 25 பதிவுகளும் போயிருக்கும். பெரிய எண் உள்ளதே முதலில். இதை அச்சடித்து சர்வர் ரேக்கில் ஒட்டிவையுங்கள்.

14. தொடர்பை நீங்களே அறுத்துப் பாருங்கள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. காவிரிக்குத் தாங்காத வெள்ளத்தை வாங்கிக்கொள்வது கொள்ளிடம். வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே கட்டிய மேலணையில், கொள்ளிடப் பக்கம் 45 மதகுகள். 2018-ல் மேட்டூர் நிரம்பி வழிந்தபோது, ஆகஸ்ட் 22 இரவு அதில் ஒன்பது மதகுகள் இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. பக்கத்தில் புதுக் கதவணையே கட்டவேண்டியதாயிற்று. அன்று நானும் போய்க் கரையில் நின்று பார்த்தேன். மாற்று வழியின் வலு வெள்ளம் வந்த அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

உங்கள் இரண்டாவது நோடும் மூன்றாவது நோடும் அப்படிக் காத்துக்கிடக்கக் கூடாது. அதே 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் இரண்டு மையங்களுக்கு இடையே தொடர்பு அறுந்தது 43 நொடிதான். அதற்குள் தானியங்கி ஏற்பாடு அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை மையத்தில் மாஸ்டரை நியமித்துவிட்டது. இரு பக்கமும் எழுதப்பட்டுவிட்ட தரவை ஒத்துப்பார்த்துச் சேவையைச் சீர்செய்ய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. அவ்வளவு பெரிய இடத்திலேயே இது நடந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். வரும் சனிக்கிழமை, பகலில், அலுவலகத்தில் ஆட்கள் இருக்கும்போது, முதலாளியிடம் சொல்லிவிட்டு, எழுதும் நோடின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். எத்தனை நொடியில் அடுத்தது எழுதத் தொடங்கியது, எந்தப் பில் பிழை காட்டியது, தனித்து நின்ற நோடு பதில் சொல்ல மறுத்ததா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கேபிளை மறுபடி செருகி, மூன்றிலும் வரிகளை எண்ணிப் பாருங்கள். அந்த நோட்டோடு வந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருப்பேன்.